காஸ்டிங் டீமில் இடம் பிடிக்க

எட்டு எபிசோட் வெப் சீரிஸ் ஒன்றில் பேசும் பாத்திரங்கள் மட்டும் சாதாரணமாக ஐம்பதைத் தாண்டும். அத்தனை பேரையும் டைரக்டரே தேடிப் பிடிக்க முடியாது. அசிஸ்டென்ட் டைரக்டர்களும் மேனேஜர்களும் பார்த்துக்கொண்டிருந்த இந்த வேலை, நம் ஊரில் ஓடிடி வந்த பிறகு தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது. ஆஸ்கர் அகாடமி 2013இல் காஸ்டிங் டைரக்டர்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. 2025இல் வெளியான படங்களிலிருந்து அவர்களுக்கு விருதும் உண்டு. உள்ளே வர ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். நிலைக்கிறவர்கள், மற்றவர்களிடம் இல்லாத முகங்களைக் கையில் வைத்திருப்பவர்கள்.

1. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிரேக்டவுன் போடப் பழகுங்கள். “வயது 25, ஒல்லி, மாநிறம்” என்று எழுதினால் அது கல்யாணத் தரகர் குறிப்பு. எத்தனை சீன், எத்தனை நாள் கால்ஷீட், எந்த ஊர்ப் பேச்சு, எந்த சீனில் இவர் சொதப்பினால் கதையே படுத்துவிடும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆடிஷனுக்குக் கொடுக்க வேண்டியதும் அந்த சீனைத்தான். உங்களுக்குப் பிடித்த படம் ஒன்றை எடுத்து, பத்துப் பாத்திரங்களுக்கு இப்படி எழுதி, இன்டர்வியூவுக்குக் கொண்டு போங்கள். வெறும் ரெஸ்யூமே நீட்டுகிறவர்களைவிட நீங்கள் முந்திவிடுவீர்கள்.

2. பார்க்கிற நடிகர்களைக் குறித்து வைக்க இன்றைக்கே ஒரு எக்ஸெல் ஷீட் திறங்கள். “நன்றாக நடிக்கிறார்” என்ற குறிப்பு ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது. “கோபம் வந்தால் குரல் தாழ்கிறது. நெல்லைப் பேச்சு இயல்பு. புல்லட் ஓட்டுவார், நீச்சல் தெரியாது. ஏப்ரலில் பரீட்சை.” இப்படி எழுதி வைத்தால், ராத்திரி பதினோரு மணிக்கு டைரக்டர் கேட்கும்போது ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லலாம்.

3. தேடும் இடத்தை மாற்றுங்கள். இன்ஸ்டாகிராம் ஃபாலோயர் எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதற்கு உங்களுக்குச் சம்பளம் எதற்கு? 2020இல் வந்த ‘ஸ்கேம் 1992’ தொடரில் ஹர்ஷத் மேத்தாவாக நடித்த பிரதிக் காந்தி, குஜராத்தி மேடையில் பல வருடம் உழைத்தவர். நடிகர்கள் பசுபதி, குரு சோமசுந்தரம் இருவரும் சென்னை கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் இருந்து வந்தவர்கள். வாரம் ஒரு நாடகமாவது பாருங்கள். முடிந்ததும் கிளம்பிவிடாமல், நடிகர்களிடம் பேசி நம்பர் வாங்குங்கள்.

ஓப்பன் கால் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடருக்கு 2019இல் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மிண்டி கேலிங் ட்விட்டரில் அழைப்பு விட்டபோது சுமார் 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர் கனடாவின் மிஸிஸாகாவில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். அதற்கு முன் திரை அனுபவம் கிடையாது. இப்படிக் குவியும் ஆடிஷன் டேப்புகளை முதலில் வடிகட்டுவது பெரும்பாலும் அசிஸ்டென்ட்டுகள்தான். சோர்ந்த கண்ணோடு தள்ளிவிட்ட டேப்பில் உங்கள் ஹீரோயின் இருக்கலாம். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். இடைவெளி விட்டுப் பாருங்கள். ஐநூறாவது டேப்பையும் முதல் டேப் போலப் பார்க்கிற ஆளை எந்த காஸ்டிங் டைரக்டரும் இழக்க மாட்டார்.

4. ஆடிஷன் ரூமில் எதிர் வசனம் படிப்பது உங்கள் வேலை. பேப்பரைப் பார்த்து ஒப்பித்தால் எதிரே நிற்பவர் எப்படி நடிப்பார்? அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். முதல் டேக் எப்படி வந்தாலும் ஒரு திருத்தம் சொல்லி இரண்டாவது டேக் எடுங்கள். சொன்னதைப் பிடித்துக்கொண்டு மாற்றி நடிக்கிறாரா என்பது அதில்தான் தெரியும்.

5. ஷார்ட்லிஸ்ட்டில் மூன்று பெயர் போதும். மூவரும் மூன்று விதமாக இருக்கட்டும். ஒவ்வொருவர் வந்தாலும் அந்தப் பாத்திரம் எப்படி மாறும் என்று ஒரு வரி எழுதுங்கள். தேதி, சம்பள எதிர்பார்ப்பு, வேறு படத்துக்காகத் தாடி வளர்க்கிறாரா என்பதையெல்லாம் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

6. நடிகரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஆடிஷனை ஆபீஸில், பகலில், இன்னொருவர் உடனிருக்க நடத்துங்கள். குழந்தை நட்சத்திரம் என்றால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2017இல் திருத்தப்பட்ட மத்திய அரசு விதிகளின்படி மாவட்ட மாஜிஸ்திரேட் அனுமதி தேவை. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் ஆக வேண்டும். புரொடக்ஷன் மேனேஜருக்கு முன்பே இதை எடுத்துச் சொல்லும் ஜூனியர், அடுத்த மீட்டிங்கிலும் உட்கார்ந்திருப்பார்.

7. சேரும் நாளிலேயே கணக்கைப் பேசுங்கள். சம்பளம் மாதத்துக்கா, ப்ராஜெக்ட்டுக்கா? ஷூட்டிங் தள்ளிப் போனால் என்ன? டைட்டிலில் உங்கள் பெயர் வருமா, எந்தப் பொறுப்போடு? எல்லாம் மெயிலில் இருக்கட்டும். டேட்டாபேஸ் பற்றியும் தெளிவாக இருங்கள். நீங்கள் சேர்வதற்கு முன் சேகரித்த பட்டியல் உங்களுடையது என்று எழுதி வாங்குங்கள். ஆபீஸுக்காக எடுத்த ஆடிஷன் வீடியோக்கள் அவர்களுடையவை. வேலை மாறும்போது அவற்றை பென் டிரைவில் காப்பி செய்துகொண்டு போகாதீர்கள். நடிகர்களுடன் நீங்கள் வளர்த்த பழக்கம் உங்களோடுதான் வரும்.