ரைட்டருக்குத் தனிப் பதிவு தேவையா?

கேள்வி: போலீஸ் படங்களில் வரும் ‘ஸ்டேஷன் ரைட்டர்’ போன்ற, பலருக்கும் விளங்காத சொல்லுக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிப் பதிவு வேண்டுமா?
– வாசகர், அரியூர் நாடு, கொல்லிமலை

பதில்: அவசியம் வேண்டும். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அச்சுக்குப் பக்கக் கணக்கு உண்டு. அதனால் கறாராகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அந்த நெருக்கடி இல்லை. அங்கே கேட்கப்படுவது, தொடர்பில்லாத நம்பகமான ஆதாரங்கள் ஒரு பொருளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றனவா என்பதே.

திரையில் பரவிய சொல் என்பதாலேயே அது கற்பனை ஆகிவிடாது. அமெரிக்க போலீஸ் தொடர்களில் கைதின்போது ஒப்பிக்கப்படும் ‘மிராண்டா எச்சரிக்கை’ 1966-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பிறந்தது. தொடர்கள் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தன, அவ்வளவுதான்.

ரைட்டரும் திரைக்கதையின் கற்பனை அல்ல. 2021-இல் ஃபிராங்க்ளின் ஜேக்கப் இயக்கிய ‘ரைட்டர்’ படத்தில் சமுத்திரக்கனி ஏற்ற அந்தப் பணி, காவல் நிலையத்தின் எழுத்து வேலை முழுவதையும் சுமப்பது. வாய்மொழிப் புகாரை எழுதி, கொடுத்தவருக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவதும் அதில் அடக்கம். ஒரு வரி பிசகினால் வழக்கே திசைமாறும். இத்தனை கனமான வேலையை விளக்காமல் விடுவது பெரிய குறை.

ஒரே தொடரில், ஒரே காட்சியில் வந்துபோகும் சங்கேதச் சொல் என்றால் அந்தத் தொடரின் பதிவிலேயே ஒரு வரி போதும்.

ரைட்டர் பதிவை எழுதுபவர்கள் ஒன்றை மறக்காமல் சேர்க்க வேண்டும்: அந்தப் புகாரின் பேரில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையின் நகல், புகார் தந்தவருக்கு இலவசம்.