முழங்காலை இயக்கும் தசைகள்

மூவார் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் என் பாட்டி. இன்று பாயில் அமர்ந்தால் அவரால் தனியே எழ முடிவதில்லை. "முட்டி தேஞ்சு போச்சுய்யா. இனி நடக்காம இருக்கிறதுதான் மருந்து," என்கிறார். அது தவறு என்று அவருக்கு விளக்க முனைந்தபோதுதான், தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் உயிரியல் பயின்ற எனக்குத் தமிழ்ச் சொற்கள் போதவில்லை என்பது புரிந்தது. அக்குறையைப் போக்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. தசையால் இழுக்க முடியும், தள்ள முடியாது. ஆகவே மூட்டை மடக்க ஒரு தசைக்குழுவும் நீட்ட வேறொரு தசைக்குழுவும் தேவை. பால் வாளியைத் தூக்க முழங்கையை மடக்குபவை மேற்கையின் முன்புறத் தசைகள். மீண்டும் நீட்டுவது பின்புறமுள்ள முத்தலைத் தசை.

முழங்காலிலும் இதே ஏற்பாடுதான். அதை நீட்டுவது முன்தொடையிலுள்ள நாற்றலைத் தசை. இதன் நான்கு பகுதிகளும் ஒரே தசைநாணாக இணைந்து, முழங்கால் சில்லைக் கடந்து, கீழ்க்காலின் முன்னெலும்பைப் பற்றுகின்றன. சில்லு இந்த நாணை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவதால் இழுப்பின் பலன் கூடுகிறது. முழங்காலை மடக்குபவை பின்தொடையின் மூன்று தசைகள். கெண்டைக்கால் தசை அவற்றுக்குத் துணை நிற்கும். குதிகாலை உயர்த்துவதும் அதன் வேலையே. எழும்போது இடுப்பை நிமிர்த்துவது பிட்டத் தசை.

இனி ஒரு கேள்வி. நாம் உட்காரும்போது முழங்கால் மடங்குகிறது. அப்போது உழைப்பது பின்தொடையா? இல்லை. உடலின் எடையே காலை மடக்கிவிடுகிறது. கிணற்றில் வாளியை இறக்குபவர் கயிற்றைச் சிறுகச் சிறுக விடுவதுபோல, முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மூவாருக்கு அருகிலுள்ள 1,276 மீட்டர் உயரக் குனோங் லேடாங்கில் ஏறி இறங்கிய நண்பர்கள் இதை அறிவர். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கிய மறுநாள் தொடை வலிக்கும்.

பாட்டி சொல்வதில் பாதி உண்மை. மூட்டின் குருத்தெலும்பு தேய்வது மெய். தேய்ந்தது பழையபடி வளர்வதில்லை. ஆனால், வலிக்கு அஞ்சி நடக்காதிருந்தால் முன்தொடைத் தசை மெலியும். அது மெலிந்தால் எழுவதும் படியிறங்குவதும் இன்னும் கடினமாகும். தேய்மானத்தைத் திருப்ப முடியாவிட்டாலும் தசையை எந்த வயதிலும் வலுப்படுத்தலாம். வலியும் குறைய வாய்ப்புண்டு.

வழி எளிது. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து வினாடி நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். இறக்குவதில் அவசரம் கூடாது, அதுவும் பயிற்சியே. வீக்கமோ கடும் வலியோ இருந்தால் முதலில் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ காண்பது நன்று.

பாட்டி இப்போது தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே காலுக்குப் பத்து முறை செய்கிறார். பாயிலிருந்து எழ நான் இன்னும் கைகொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நாற்காலியிலிருந்து தாமே எழுகிறார். நண்பர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது, நாம் கற்றதை நம் பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வோம்.