மாவுக்கட்டு பிரித்த பிறகு

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று. இனி கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் எலும்புப்புரையைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள்; அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரைதான். வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு இரண்டையும் பார்த்துவிட்டு, மருத்துவர் எலும்புப்புரைக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை தரக்கூடும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரில் விழுங்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. (நம் அம்மாக்களுக்கு அதுதான் பெரிய தண்டனை!) மறுபடி விழாமல் இருக்க, குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள், துண்டு போடும் கம்பி ஆள் கனம் தாங்காது. தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவற்றாலும் தடுமாறி விழலாம்.