தோல் கழலை நோயும் புதிதாய் வாங்கிய மாடும்

வெக்கை நோய் என்றால் நம் முன்னோர் நடுங்குவர். ஆசியாவில் நிலைத்திருந்த அந்நோய், 1880-களின் இறுதியில் கப்பலேறிய மாடுகளோடு ஆப்பிரிக்கா சென்று, அங்கே மந்தை மந்தையாய் மாடுகளை மாய்த்தது. நம் தேசம் 1954-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. 2011-இல் உலகை விட்டே அந்நோய் ஒழிந்தது.

இப்பொழுது எதிர்த்திசையில் ஒன்று வந்திருக்கிறது. 1929-இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதன்முதல் காணப்பட்ட தோல் கழலை நோய், 2019-இல் ஒடிசாவில் தலைகாட்டியது. 2022-இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பெருஞ்சேதம் விளைத்தது. காய்ச்சல் கண்டு, உடலெங்கும் கட்டிகள் எழும்பும், பால் வற்றும். கொசு, உண்ணி, கடிக்கும் ஈ ஆகியவை இதைப் பரப்பும். மனிதரைத் தொற்றாது.

ஆயினும் நெடுந்தொலைவுக்கு நோயைச் சுமந்து செல்வது பெரும்பாலும் மாடேயாம். ராயப்பன்பட்டி வட்டாரத்தார் நாம் இதை மறக்கலாகாது. குமுளிச் சாலையில் மாடுகள் மலையேறும் பள்ளத்தாக்கு நம்முடையது; நம் மலைமாடுகளோ அடிவாரத்தில் கூட்டமாய் மேய்பவை. சந்தையில் வாங்கிய மாட்டை அன்றிரவே தொழுவத்தில் சேர்த்துக் கட்டுவது நம் வழக்கம். (வீட்டுக்கு வந்த லட்சுமியைத் தள்ளிக் கட்டுவதா என்னும் கூச்சம் வேறு!) உள்ளே புகுந்த நோய் வெளிப்பட நான்கு வாரம் வரை ஆகலாம். ஆதலால் 28 நாள் தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுக. ஆட்டம்மைத் தடுப்பூசி இந்நோய்க்கும் பயன்பட்டு வருகிறது. நோய் வருமுன்னரே அதைப் போடவேண்டும். கட்டி கண்ட மாட்டை மறைத்து விற்பது அயலார் தொழுவத்தில் தீ வைப்பதாகும். கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லியனுப்புக. மாண்ட மாட்டைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்கவேண்டும், ஓடையில் தள்ளலாகாது.