பழனிமலைக் காட்டுயிர்கள்

பழனி நகரின் தென்பால் நீலத்திரை விரித்தாற்போல் எழுந்து நிற்பது பழனிமலைத் தொடர். மயில் குளிரால் நடுங்குகின்றதென எண்ணிப் போர்வை ஈந்த வள்ளல் பேகன் ஆண்ட நாடு இது. ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சியில் துப்பாக்கியேந்தி இம்மலை ஏறினோர் பலர். செங்குத்துப் பாறைகளில் தாவித் திரியும் வரையாட்டை வீழ்த்துதல் அவர்க்குப் பெரும் பொழுதுபோக்கு.

1972-இல் இயற்றப்பெற்ற காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையைத் தடைசெய்தது. 2013-இல் ஏறத்தாழ 609 சதுரக் கிலோமீட்டர் காடு கொடைக்கானல் சரணாலயமாயிற்று. அங்கே காட்டெருமைகள் மேய்வதைத் தொலைவில் நின்று கண்டு மகிழலாம்; நெருங்குதல் ஆபத்து.

மயிலோ அடிவாரத்து வயல்களிலேயே இறங்கி விதையைக் கொத்துகின்றது. உழவர் அதனை ஓட்டலாம், கொல்லலாகாது. அவர்தம் மனவருத்தம் இயல்பானதே. பேகன் ஏர் பிடித்து உழுததில்லை போலும்!