நோ பொறுத்ததுக்கு ஆரும் பதக்கம் தாறேல்லை

அனலைதீவு,
புதன்கிழமை இரவு.

அன்பு மோளுக்கு,

பின்னேரம் வீடியோவிலை பேத்தியைப் பார்த்தன். மூக்கு எங்கட அப்பாவின்ர மூக்கு. நீ கட்டிலாலை எழும்பேக்கை பல்லைக் கடிச்சதையும் பார்த்தன். கேட்டதுக்கு, “மருந்து பாலிலை இறங்குமாம், பகலிலை ஒண்டும் போடுறேல்லை பெரியம்மா; இரவிலை தாங்கேலாட்டி மாமியிட்டை மிச்சம் கிடந்த டைலனோல் 3” எண்டாய். எனக்கு நித்திரை போச்சு. இந்தக் கடிதத்தைப் பேரன் படமெடுத்து இப்பவே அனுப்புவான்.

முப்பது வருஷம் வாட்டிலை நிண்டவள் சொல்லுறன்: தலைகீழாச் செய்யிறாய். டைலனோல் 3இலை கோடீன் இருக்கு. சில பேரின்ர உடம்பு அதைக் கெதியா மோர்பீனாக்கிப் பாலிலை விடும். நீ இருக்கிற டொரொன்டோவிலைதான் 2005இலை, பிறந்து 13 நாளிலை ஒரு குழந்தை அப்பிடிப் போனதெண்டு டொக்டர்மார் எழுதினவை; காரணம் அதுதானோ எண்டு பிறகு கேள்வியும் வந்தது. பால் குடுக்கிறவைக்குக் கோடீனும் ட்ரமடோலும் வேண்டாமெண்டு 2017இலை அமெரிக்காவிலையும் அறிவிச்சவை. மாமியின்ர போத்தலை மாமியிட்டையே குடு. பிள்ளை பாலுக்கு எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், மூச்சு மாறினால், உடனை 911.

பரசிற்றமோலும் ஐபுபுரோபனும் பாலிலை இறங்கிறது நல்லாக் கொஞ்சம். ரண்டும் வேற வேற வழியாலை நோவைப் பிடிக்கும். சேர்த்துப் போட்டால் கடும் மருந்துக்குத் தேவை குறையும். நோ ஏறினாப்போலை ஓடித் திரியாமல், மணிக்கூட்டைப் பார்த்துப் போடவேணும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் எண்டால் ஆறு மணித்தியாலத்துக்கு ரண்டு, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. தடிமன் மருந்திலையும் அது கிடக்கும், அதையும் எண்ணு. ஐபுபுரோபன் சாப்பிட்டாப்பிறகு, அதோடை டைக்குளோபெனாக்கைச் சேர்க்காதை, ரண்டும் ஒரே சாதி. உனக்குச் சின்னனிலை தொய்வு இழுத்தது டொக்டருக்குத் தெரியுமோ? தொய்வுக்காரர் சிலருக்கு ஐபுபுரோபன் ஒத்துவராது. முதல் அதைச் சொல்லு.

84இலை எனக்கும் சீசர்தான். ஊர்காவற்றுறையிலையிருந்து வள்ளத்திலை வரேக்கை ஒவ்வொரு அலைக்கும் தையல் பிஞ்சுபோற மாதிரி. வீட்டை வந்தால், உன்ர அம்மம்மா குளிசைச் சரையை வாங்கித் தீராந்தியிலை செருகிப்போட்டு, “நோத் தாங்காதவள் என்ன தாய்?” எண்டா. நிமிர்ந்து இருக்கேலாது, பிள்ளையை ஏந்தேலாது. உன்ர அண்ணாவுக்குச் சீனித்தண்ணி பருக்கினவை. மார் கட்டிப்போய் அழுதுகொண்டு, தீராந்தியைப் பார்த்தபடி கிடந்தன். கையெட்டுற உயரந்தான், கை எழும்பேல்லை. அம்மா போய்ச் சேர்ந்திட்டா. எனக்கு இன்னும் ஆறேல்லை. உன்ர மாமி கதைக்கேக்கை அவவின்ர குரல்தான் கேக்குது.

நீ வளர்ந்த பிள்ளை. போடுறதும் விடுறதும் உன்ர விருப்பம். நாளைக்குக் காலமை டொக்டருக்கு அடிச்சுக் கேட்டுப்போட்டு எனக்குச் சொல்லு. மத்தியானம் வரைக்கும் பார்ப்பன், பிறகு மருமோனுக்கு நானே அடிப்பன்.

கோவிக்காதை என்ர ராசாத்தி. கிழவி புலம்புறாள் எண்டு நினை. உன்னைப்போல ஒரு தாய் கிடைக்க அந்தக் குஞ்சு குடுத்து வைச்சது. ஐயனாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். வாற கிழமை கனடா போற ஆளிட்டைப் பத்தியச் சரக்குத்தூள் குடுத்துவிடுறன். அம்மம்மாவின்ர பக்குவம்தான், அதிலை அவவை வெல்ல ஆளில்லை. கறி வைச்சுச் சாப்பிடு, பிறகு குளிசையைப் போடு.

உன்ர
பெரியம்மா