துளையின் பயன்: கரியமிலவாயுவை மாற்றும் வினையூக்கிகள்

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தபின் வெளிப்படுவது கரியமிலவாயு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அது, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. புவி வெப்பமுறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். கழிவென நாம் காற்றில் விடும் இவ்வாயுவை மீண்டும் பயன்பொருளாக்க இயலுமா?

இயலும், ஆயின் எளிதன்று. எரிந்து முடிந்த பொருளாதலின், ஆற்றலை ஊட்டினாலன்றி அது மாறாது. அவ்வாற்றலை மின்சாரமாக ஊட்டுவதே மின்வேதி முறை. கரைசலில் இரு மின்வாய்களை அமைத்து மின்னோட்டத்தைச் செலுத்தினால், எதிர்மின்வாயில் கரியமிலவாயு எலக்ட்ரான்களை ஏற்று வேறு பொருளாகிறது. எப்பொருளாகும் என்பது பெரிதும் வினையூக்கியைப் பொறுத்தது. வெள்ளியும் பொன்னும் கார்பன் மோனாக்சைடைத் தருகின்றன. வெள்ளீயம் பார்மேட்டைத் தருகிறது. செம்பில் மீத்தேன் உண்டாவதை ஜப்பானிய அறிஞர் யோஷியோ ஹோரி குழுவினர் 1985-இல் அறிவித்தனர்.

இம்முறைக்குத் தடைகள் இரண்டு. நீரிலிருந்து ஹைட்ரஜன் உண்டாகும் வினையும் அதே எலக்ட்ரான்களுக்குப் போட்டியிடும். மேலும், அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.5 கிராம் கரியமிலவாயுவே கரையும். இங்குதான் துளை துணைக்கு வருகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 ஆகும். பொருள் கூடவில்லை; பரப்பு பத்து மடங்காயிற்று. துளைகள் செய்வதும் இதுவே. வினை பரப்பில் நிகழ்வதால், பரப்பு பெருகப் பெருக வினைபுரியும் இடங்களும் பெருகும். வாயுவும் துளைவழியே நேராக வினையூக்கியை அடையும்.

இத்தகைய நுண்துளைப் பொருள்களைத் திட்டமிட்டே கட்டியமைக்கலாம் எனக் காட்டியவர்களுள் ஒருவர் ஓமர் யாகி. ஜோர்டான் நாட்டின் அம்மானில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். 1999-இல் அவர் குழுவினர் அறிவித்த உலோக-கரிமச் சட்டகம் ஒன்றின் பரப்பு, கிராமுக்கு ஏறத்தாழ 2,900 சதுர மீட்டர். 2015-இல் அவரும் கிறிஸ்டபர் சாங்கும் தம் குழுவினருடன், கோபால்ட் பார்பைரின் அலகுகளைக் கரிமப் பிணைப்புகளால் கோத்த சட்டகத்தை வெளியிட்டனர். செலுத்திய எலக்ட்ரான்களுள் நூற்றுக்கு 90 வரை கார்பன் மோனாக்சைடு ஆக்கவே பயன்பட்டன. அவ்வாயு நச்சேயாயினும், ஹைட்ரஜனுடன் சேர்த்து மெத்தனாலும் எரிபொருளும் செய்யும் மூலப்பொருளாகும். உலோக-கரிமச் சட்டகங்களை உருவாக்கியமைக்காக 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை யாகி, சுசுமு கிடகாவா, ரிச்சர்டு ராப்சன் ஆகிய மூவரும் பெற்றனர்.

குறைகளும் உள. எதிர்மின்வாயில் உண்டாகும் காரத்துடன் கரியமிலவாயு சேர்ந்து கார்பனேட் உப்பாகித் துளைகளை அடைத்துவிடும். சட்டகங்கள் சில மின்னோட்டத்தில் சிதைவதும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, நிலக்கரியை எரித்துப் பெற்ற மின்சாரத்தால் இவ்வினையை நடத்தின், அகற்றுவதினும் மிகுதியான வாயுவே வெளிப்படும். கதிரவனும் காற்றும் தரும் மின்சாரமே இதற்கு ஏற்றது. ஆகவே, வினையூக்கியின் சிறப்பை மட்டும் நோக்காது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் வினவுதல் இத்துறை பயிலும் மாணவர்தம் கடமையாகும்.